கிண்ணத்தின் கட்டளை

கி.மு. 404ஆம் ஆண்டு. ஏதென்ஸ் நகரிலே மக்களாட்சி மடிந்து, முப்பது கொடுங்கோலர் கொலுவீற்றிருந்த காலம். அந்த முப்பதின்மருள் ஒருவன் தெராமெனிஸ். உடனிருந்தோரின் கொலைவெறியை எதிர்த்துப் பேசத் துணிந்தான். அதனால் அவன் உயிருக்கே குறி வைக்கப்பட்டது. குற்றஞ்சாட்டியவன் கொடுங்கோலர் தலைவன் கிரிட்டியாஸ். தண்டனை, நஞ்சுக் கிண்ணம். தெராமெனிஸ் அதை வாங்கிப் பருகினான். அடியிலே எஞ்சிய சொட்டுகளை, விருந்து மண்டபத்திலே விளையாடுவோன் வீசுவதுபோல் வீசியெறிந்தான். அது கிரிட்டியாசுக்கு அன்புக் காணிக்கை என்று எள்ளி நகைத்துவிட்டுச் செத்தான். வரலாற்றாசிரியன் செனபோன் இதனை எழுதி வைத்திருக்கிறான்.

சாவின் வாயிலிலே நின்றவனுக்கு விருந்து விளையாட்டு நினைவுக்கு வருவானேன்? அங்கிருந்தோர் அனைவரும் அறிந்த விளையாட்டு அது. கொட்டபோஸ் என்று அதற்குப் பெயர். செல்வர் வீட்டு ஆடவர் சாய்வுக் கட்டில்களிலே ஒருக்களித்துப் படுத்து மது அருந்துவர். கிண்ணத்தின் கைப்பிடியிலே விரலை நுழைத்துச் சுழற்றி, அடியிலே தங்கிய கசண்டைக் குறி பார்த்து வீசுவர். உயர்ந்த வெண்கலத் தண்டின் உச்சியிலே நிற்கும் சிறு தட்டு ஒலியெழக் கீழே விழவேண்டும்; அல்லது நீரிலே மிதக்கும் சிறு கிண்ணிகள் மூழ்க வேண்டும். வீசும்போது காதலுக்குரியவரின் பெயரைச் சொல்வர். குறி தப்பாவிட்டால் காதல் கைகூடும் என்று நம்பினர். அறிவின் தாயகம் என்று அகிலம் போற்றும் ஏதென்சிலே, சோதிடம் மதுக் கசண்டிலே குடியிருந்தது! இந்த ஆட்டம் சிசிலித் தீவிலிருந்து வந்தது என்று பாட்டெழுதியவன் வேறு யாருமல்லன், அதே கிரிட்டியாஸ்தான்.

இன்று மேனாட்டுக் கல்லூரி மாணவர்கள் தம் விருந்துகளிலே, மேசைமீது கோப்பைகளை அடுக்கி, எதிர்ப்புறமிருந்து சிறு பந்தை வீசி, பந்து விழுந்த கோப்பையை எதிரணியினன் குடித்தாக வேண்டும் என்று ஆடுகிறார்கள். ‘பீர் பாங்’ என்பது அதன் பெயர். கொட்டபோசுக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ 2,400 ஆண்டுகள். குறி மாறிற்று, கோப்பை மாறிற்று, உள்ளே ஊற்றப்படும் மதுவும் மாறிற்று. ஆயின் ஒன்று மட்டும் மாறவில்லை. மாறாத அந்த ஒன்று எது? அதனைத் தேடியே இந்தக் கட்டுரை எழுதுகிறோம். குடியின் கேட்டினைப் பற்றி ஆயிரம் எழுதியாயிற்று. நாம் காட்ட விரும்புவது, குடிக்கும் கிண்ணத்திற்குப் பின்னே மறைந்து நிற்கும் கட்டளையை!

கிரேக்க விருந்துக்கு ஒரு தலைவன் உண்டு. மதுவிலே எத்தனை பங்கு நீர் கலப்பது, எத்தனை கிண்ணம் அருந்துவது என்று விதிப்பவன் அவன். உரோமர்கள் இந்த வழக்கத்தை ஏற்று, பகடை உருட்டித் தலைவனைத் தேர்ந்தெடுத்தனர். அறிவாலோ ஆற்றலாலோ வந்த தலைமையல்ல அது. பகடை தந்த பட்டம்! ஆயினும் அந்தப் பட்டத்திற்கு அனைவரும் பணிந்தாக வேண்டும். குடிக்க வேண்டும், இல்லையேல் எழுந்து போய்விட வேண்டும் என்ற விதி கிரேக்க விருந்துகளிலே இருந்ததாகச் சிசரோ குறிப்பிடுகிறான்.

அதே ஏதென்சிலே, அந்த விதியை ஓரிரவு ஒதுக்கி வைத்தால் என்ன விளையும் என்பதையும் காண்கிறோம். கி.மு. 416இல் அகத்தோன் என்னும் நாடகாசிரியன் போட்டியிலே வென்றான். வெற்றி விருந்திலே நடந்ததாகப் பிளேட்டோ தீட்டிய உரையாடல் நூல் உலகப் புகழ் பெற்றது. முந்திய நாள் மிகுதியாகக் குடித்துத் தலை கனத்திருந்தோர் அங்கே பலர். மருத்துவன் எரிக்சிமாக்கஸ் எழுந்தான். போதை உடலுக்குப் பகை என்றான். இன்று கட்டாயம் வேண்டாம், அவரவர் விரும்பிய அளவு அருந்துவோம், குழலூதும் பெண்ணை அனுப்பிவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம் என்றான். ஒப்புக்கொண்டனர். கட்டளை விலகிற்று; கருத்து பிறந்தது! காதல் என்பது யாது என்று ஒவ்வொருவரும் உரை நிகழ்த்தினர். சாக்ரட்டீசும் பேசினார்.

ஆனால் அது நீடித்ததா? ஆல்சிபியாடிஸ் என்னும் சீமான் மகன் போதையோடு நுழைந்தான். தன்னைத் தானே விருந்துத் தலைவனாக்கிக்கொண்டான். மதுவைக் குளிர வைக்கும் பெரிய கலத்தையே எடுத்து முழுவதும் குடித்தான்; சாக்ரட்டீசுக்கும் நிரப்பச் சொன்னான். பின்னர் வேறொரு கும்பல் புகுந்தது. ஒழுங்கு குலைந்தது, எல்லோரும் கட்டாயத்தின் பேரில் குடிக்கலாயினர். மருத்துவன் வீடு சென்றான். இதுவும் பிளேட்டோவின் நூலிலேயே உள்ளது. தெளிவோடு விடியும்வரை பேசியிருந்து, குளித்துவிட்டு அன்றாட வேலையைப் பார்க்கப் போனவர் சாக்ரட்டீஸ் ஒருவரே.

இன்னொன்றையும் மறைத்தலாகாது. அந்த அறிவு விருந்திலே வீட்டுப் பெண்டிருக்கு இடமில்லை. குழலூதும் பெண்ணுக்கு இடமுண்டு, பேச உரிமையில்லை. கிண்ணத்தை நிரப்பிய அடிமைக்கோ எதுவுமே இல்லை. வெளியே அனுப்பப்பட்ட அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று எழுத எந்தப் பிளேட்டோவும் பிறக்கவில்லை!

கிரேக்கம் மறைந்தது, உரோமம் வீழ்ந்தது. கிண்ணத்தின் கட்டளை ஜெர்மானிய நாடுகளிலே புது வாழ்வு பெற்றது. ஒருவன் இன்னொருவனை நோக்கிக் கோப்பையை உயர்த்திக் குடித்தால், அவனும் அதே அளவு குடித்தாக வேண்டும், மறுத்தால் மானக்கேடு. இதனைத் தடுக்கப் பேரரசு 1530இலும் 1548இலும் சட்டமியற்றிப் பார்த்தது. பயனில்லை. 1536இல் ஒப்சோபியஸ் என்ற பள்ளி ஆசிரியன், குடிக்கும் கலையைப் பற்றி இலத்தீன் மொழியிலே ஒரு செய்யுள் நூலே வெளியிட்டான்; குடிப் போட்டியில் வெல்லும் வழியும் அதிலே உண்டு. 1616இல், குடிப்போர் சட்டம் பற்றிய பட்ட ஆய்வுரை போல் ஒரு கேலி நூல் வந்தது. சட்டம் கற்க வந்த மாணவர்கள் குடிக்குச் சட்டம் வகுப்பதைக் கண்டு சிரித்த நூல் அது. அன்று அது கேலி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கேலி, சட்டமாகவே ஆகிவிட்டது! ஹைடல்பர்க், யேனா, பான் முதலிய பல்கலைக் கழக நகரங்களிலே மாணவர் சங்கங்கள் ‘பீர் விதி நூல்’ வைத்திருந்தன. அதிலே பிரிவுகள், உட்பிரிவுகள், குற்றங்கள், தண்டனைகள்! புதிதாகச் சேர்ந்த மாணவனுக்கு ‘நரி’ என்று பெயர். தலைவன் வாளால் மேசையைத் தட்டுவான். அனைவரும் வாய்மூட வேண்டும். ‘சாலமாண்டர்’ என்று ஒரு சடங்கு: ஆணை பிறந்ததும் கோப்பைகளை மேசையிலே தேய்த்து, ஒரே மூச்சிலே குடித்து, ஒரே ஒலியாய் வைக்க வேண்டும். ‘பீர்ப் பையன்’ என்று ஒருவன் இன்னொருவனை அழைத்துவிட்டால், அது போருக்கு அறைகூவல். நடுவர் முன்னே இருவரும் கோப்பையைக் காலி செய்ய வேண்டும். முந்தியவன் வெற்றி வீரன். விதியை மீறினால் ‘பீர் மானம்’ பறிபோகும், மேசையிலிருந்து விலக்கு! இழந்த மானத்தை மீட்கவும் குடித்தேயாக வேண்டும். காலத்தைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஐந்து ‘பீர் நிமிடங்கள்’ சேர்ந்தால் மூன்று நிமிடம் என்று கணக்கு வைத்தனர்.

சிரிக்கத் தோன்றுகிறதல்லவா? நமக்கும் தோன்றிற்று. ஆனால் சற்றே நின்று எண்ணிப் பார்ப்பீர்! மந்திரம், சடங்கு, தீட்டு, விலக்கு, பரிகாரம், ஏன் என்று கேட்கக்கூடாத விதி! இவற்றை வேறு எங்கோ நாம் கண்டதில்லையா? கோயிலிலே கண்டதைக் குடிசாலையிலே காண்கிறோம், பூசாரி இருந்த இடத்திலே வாளேந்திய மாணவத் தலைவன் இருக்கிறான், அவ்வளவே வேற்றுமை.

பான் பல்கலைக் கழகத்திலே 1835இல் சேர்ந்த பதினேழு வயது மாணவன் ஒருவன், தன் ஊர்க்காரரான டிரீர் மாணவர் குடிக் குழுவின் தலைவருள் ஒருவனானான். 1836இல் குடித்துவிட்டு இரவிலே கூச்சலிட்டதற்காகப் பல்கலைக் கழகச் சிறையிலே ஒரு நாள் அடைபட்டான். அவன் பெயர் கார்ல் மார்க்ஸ். தந்தையார் அவனைப் பெர்லினுக்கு அனுப்பினார். அங்கே அவன் சேர்ந்தது, ஹெகலின் தத்துவத்தை அலசி ஆராய்ந்த இளைஞர் கழகம். அங்கும் குடி இருந்திருக்கலாம். ஆனால் கேள்வி இருந்தது. கூட்டம் ஒன்றேபோல் தோன்றினும், கட்டளைக்குக் கூடும் கூட்டம் வேறு, கருத்துக்குக் கூடும் கூட்டம் வேறு என்பதை அந்த ஒரு வாழ்க்கையே விளக்குகிறது.

அந்தச் சங்கங்கள் யாருக்குரியவை? பெண்கள் ஜெர்மன் பல்கலைக் கழகங்களிலே மாணவராய்ப் பதிவு பெறும் உரிமை பாடன் நாட்டிலே 1900இலும், பிரஷ்யாவிலே 1908இலும்தான் வந்தது. அதுவரை அது ஆடவர் கோட்டை. 1896இல் ஆஸ்திரிய வாட்போர் மாணவர் சங்கங்கள் வைடோஃபனிலே கூடித் தீர்மானித்தன: யூதன் பிறப்பாலேயே மானமற்றவன், ஆகவே அவனோடு மானப் போர் செய்வதற்கில்லை! பிறப்பிலே மானத்தைத் தேடுவோர் காவிரிக் கரையிலே மட்டுமல்ல, டான்யூப் நதிக்கரையிலும் இருந்தனர் என்பதைத் தோழர்கள் குறித்துக்கொள்க. ஒரே கோப்பை மேசையைச் சுற்றி அமர்ந்தால் பேதம் கரையும் என்பார்கள். அந்த மேசை பேதத்தைக் கரைக்கவில்லை. அதற்கு வேலி கட்டிற்று.

இந்தக் கட்டளைக் குடி எத்தகைய மனிதனை வார்த்தெடுத்தது? எழுத்தாளர் ஹைன்ரிக் மன் ‘அடிமைக் குடிமகன்’ என்னும் பொருள்படும் நாவலிலே அதைத் தீட்டிக் காட்டினார். அதன் நாயகன் ஹெஸ்லிங் கோழை. மாணவர் சங்கத்திலே சேருகிறான்; ஆணையிட்டால் குடிக்கிறான், ஆணையிட்டால் பாடுகிறான். தனக்கென ஒரு விருப்பம் இல்லாமற் போனதையே பெருமையாகக் கருதுகிறான். பின்னாளிலே மேலுள்ளோர் காலை வருடி, கீழுள்ளோர் கழுத்தை நெரிக்கும் முதலாளியாகிறான். அந்த நாவல் தொடராக வந்துகொண்டிருந்தபோது 1914இல் போர் மூண்டது, தொடர் நிறுத்தப்பட்டது, பேரரசு வீழ்ந்த 1918இல்தான் நூலாக வெளிவந்தது. நாவல் சுட்டிய நோய் நாடெங்கும் பரவியிருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

அந்தப் பேரரசன் இரண்டாம் வில்ஹெல்மும் பான் நகரிலே மாணவர் சங்கத்தில் உறுப்பினனாய் இருந்தவன்தான். அவனே 1910இல் மூர்விக் கடற்படைப் பள்ளியிலே பேசும்போது, மதுவை ஒதுக்குங்கள், வருங்காலப் போரிலே மது குறைவாக அருந்தும் நாடே வெல்லும் என்றான். பணிவைக் கற்பிக்கும் வரை பீர் பயன்பட்டது. பீரங்கியைக் குறிபார்க்கும் வேலை வந்ததும் தெளிந்த தலை தேவைப்பட்டது! ஆளுவோர் மதுவைப் புகழ்ந்தாலும் பழித்தாலும், அவர்தம் கணக்கிலே மாணவனின் நலன் கடைசி வரியே.

ஆங்கில நாட்டிலே ஆக்ஸ்ஃபோர்டுக்கு வருவோம். அங்கே ‘ஸ்கான்ஸ்’ என்று ஒரு தண்டனை. உணவு மண்டபத்திலே தாமதமாக வந்தால், உடை விதி தவறினால், பாடத்தைப் பற்றிப் பேசினால் குற்றம். கல்லூரியிலே கல்வியைப் பற்றிப் பேசுவது குற்றமாம்! குற்றவாளி ஒரு பெருங்கலம் பீரை நிறுத்தாமல் குடிக்க வேண்டும். 1950களிலே ஆஸ்திரேலிய மாணவர் பாப் ஹாக், அங்கியின்றி உணவுக்கு வந்ததற்காக இத்தண்டனைக்கு ஆளாகி, இரண்டரைப் பைண்டு, அதாவது ஏறத்தாழ 1.4 லிட்டர் பீரை 11 வினாடியில் குடித்தார். உலகச் சாதனை நூலிலே இடம் பெற்றார். 1983இல் நாட்டின் பிரதமரானார். வாக்காளர் பலரைத் தம்பால் ஈர்த்தது இந்தச் செயலே என்று தம் வாழ்க்கை நூலிலே எழுதினார். ஆனால் நாடாளுமன்றம் புகுவதற்காக 1980இல் அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? குடியை விட்டதுதான்! சாதனையை நினைவிலே வைத்தோர் கோடி. விட்டதை நினைவிலே வைத்தோர் எத்தனை பேர்?

அமெரிக்கக் கல்லூரிகளிலே உள்ள மாணவர் சங்கங்கள் தமக்குக் கிரேக்க எழுத்துகளையே பெயராகச் சூட்டிக்கொண்டவை. பீர் பாங் ஆட்டமும் டார்ட்மத் கல்லூரிச் சங்கங்களிலே 1950களில், மேசைப் பந்தாட்ட மட்டையோடு உருப்பெற்றது. கிரேக்கரிடமிருந்து எழுத்தை எடுத்துக்கொண்டனர். எரிக்சிமாக்கசின் அறிவுரையை எடுத்துக்கொண்டனரா?

2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக் கழகத்திலே, 19 வயது மாணவன் ஒருவன் சங்கத்திலே சேரும் சடங்குக்குச் சென்றான். இடம் இடமாக நிறுத்தி, ஒவ்வோரிடத்திலும் குடிக்கச் செய்தனர். போதையிலே மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்தான். உதவிக்கு அழைத்தது, ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் கழித்து! வீடு நிறைய நண்பர்கள். ‘சகோதரர்’ என்று அவர்களுக்குப் பட்டம்!

அதே ஆண்டு செப்டம்பரில் லூசியானா மாநிலப் பல்கலைக் கழகத்திலே, 18 வயது முதலாண்டு மாணவன் ஒருவன். ஆட்டத்தின் பெயர் ‘பைபிள் வகுப்பு’! சங்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். பதில் தவறினால் கடும் சாராயத்தை மடக்கென்று விழுங்க வேண்டும். அந்த இளைஞனால் கிரேக்க நெடுங்கணக்கைச் சரியாகச் சொல்ல இயலவில்லை; மேலும் மேலும் குடிக்கச் செய்தனர். விடிந்து பார்த்தபோது மூச்சு நின்றிருந்தது. இரத்தத்திலே சாராய அளவு 0.495 விழுக்காடு. வண்டியோட்டச் சட்டம் அனுமதிக்கும் 0.08 என்ற எல்லையைப் போல் ஆறு மடங்கு! 2019இல் நடுவர் குழு, ஆட்டத்தை நடத்தியவருள் ஒருவனைக் கவனமின்மையால் உயிர்போக்கிய குற்றவாளி என்று தீர்த்தது.

இந்த ஆட்டத்தின் பொறியைப் பாரீர்! எந்த விளையாட்டிலும் தோற்றவன் இளைப்பாறி, அடுத்த முறை இன்னும் கூர்மையோடு ஆடலாம். இங்கே தோற்றவனுக்குத் தண்டனை மது, மது குறியைக் கெடுக்கும், நினைவைக் கெடுக்கும், ஆகவே மறுபடியும் தோல்வி, மறுபடியும் மது! தவறு தண்டனையைப் பெறுகிறது. தண்டனை அடுத்த தவறைப் பெறுகிறது. வட்டிக்கு வட்டி வாங்கும் கந்துவட்டிக்காரனின் ஏட்டைப் போல, இதிலே நுழைந்த எளியவன் மீள்வதில்லை.

உடலின் கணக்கோ வேறு. கல்லீரல் ஒரு மணி நேரத்திலே அழிக்கக்கூடிய சாராயச் சத்து ஏறத்தாழ 7 முதல் 10 கிராம். 5 விழுக்காடு பீர் 330 மில்லி லிட்டர் குடித்தால் உள்ளே செல்வது 13 கிராம். மூன்றை ஐந்து நிமிடத்தில் விழுங்கியவனின் கல்லீரலுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரமேனும் வேலை! தலைவன் ஆணையிட்டால் தொண்டை விரையும், கல்லீரல் விரையாது. அது எந்தச் சங்கத்திலும் உறுப்பினரல்ல! குடிப்பதை நிறுத்திய பிறகும், வயிற்றிலே உள்ளது இரத்தத்திலே ஏறிக்கொண்டே இருக்கும். ‘தூங்கட்டும், தெளிந்துவிடும்’ என்று விட்டுப்போவது அதனால்தான் கொலைக்குச் சமம். கருங்காப்பியும் குளிர்நீரும் தெளியவைக்கா. எழுப்பியும் எழாதவனை, மூச்சு தடுமாறுபவனை ஒருக்களித்துக் கிடத்தி, அருகிலேயே இருந்து, உடனே மருத்துவ ஊர்தியை அழைப்பதே அறிவு, அதுவே நட்பு.

‘எத்தனையோ ஆயிரம் பேர் ஆடுகிறார்கள், பெரும்பாலோர் நலமாக வீடு திரும்புகிறார்கள்’ என்பர். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் வீடு திரும்பியவன் எதையும் இழக்காமலா திரும்பினான்? ‘வேண்டாம்’ என்னும் சொல்லை அங்கே விட்டுவிட்டு வந்தான். மறுப்பது கோழைத்தனம், பணிவது வீரம் என்ற தலைகீழ்ப் பாடத்தைக் கற்று வந்தான். சென்ற ஆண்டு தனக்கு இழைத்ததை இந்த ஆண்டு புதியவனுக்கு இழைக்கக் காத்திருக்கிறான். மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் தீர்க்கும் கதை! மரபு என்று இதற்குப் பெயர் சூட்டுகின்றனர்.

நம் நாட்டிலே இதன் உடன்பிறப்புக்கு ‘ராகிங்’ என்று பெயர். 1996இல் தமிழ்நாட்டிலே ஒரு மருத்துவ மாணவன் அதற்குப் பலியானான். 1997இல் தடைச்சட்டம் வந்தது. பென்சில்வேனியாவும் லூசியானாவும் 2018இல் சட்டத்தைக் கடுமையாக்கின. கல்லூரிகள் இத்தகைய கொடுமைகளைக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி 2024 டிசம்பரில் சட்டமியற்றிற்று. சட்டங்கள் வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் 1530இன் சட்டமும் சட்டந்தான்! கட்டளையிடுவோனைத் தண்டிக்கச் சட்டத்தால் முடியும். கட்டளைக்குப் பணியாத நெஞ்சைச் சட்டம் தருவதில்லை. அதைத் தருவது பகுத்தறிவு.

மேசையைச் சுற்றி இருபது பேர் கைதட்டும்போது, ‘இந்த விதியை யார் வகுத்தது? ஏன் வகுத்தது? மீறினால் என்ன?’ என்று ஒருவன் கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! ஆயிரம் ஆண்டுச் சாத்திரத்தை நோக்கி இந்த மூன்று கேள்விகளையும் கேட்டவர்களின் வழிவந்தோர் நாம். ஒரு கோப்பையை நோக்கிக் கேட்கத் தயங்குவோமா?

ஏதென்சின் அந்த இரவிலே கட்டளையை விலக்கியவன் தத்துவப் பேராசானல்லன், ஒரு மருத்துவன். அவன் செய்ததெல்லாம், கட்டாயம் வேண்டாம் என்று சொன்னதுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் மற்றவர்கள் உரை நிகழ்த்தினர். ஒவ்வொரு விடுதியிலும், ஒவ்வொரு மேசையிலும் அந்தச் சொல்லைச் சொல்ல ஒருவன் வேண்டும். அந்த ஒருவனாக, அந்த ஒருத்தியாக, இதைப் படிக்கும் இளைஞர் ஒவ்வொருவரும் விளங்க வேண்டுகிறோம்.